சதை போடுற மாத்திரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆற்றுப்படுத்துநர்களே, உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஒரு துணிப்பை, படம் போட்ட அட்டைப் புத்தகம், கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை எல்லாம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். அதை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றீர்கள் என்றால், அந்த வீட்டுப் பெண் என்ன தொழில் செய்கிறாள் என்று தெருவுக்கே நோட்டீஸ் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். இதைப் பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் வாசல் வரைக்கும் வருவதில்லை.

நான் இந்த வேலையை இருபத்திரண்டு வருடம் பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். 'இந்தப் பெண்கள் எனக்கு மகள்கள் மாதிரி' என்றேன், எல்லோரும் கை தட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். மகள் மாதிரி இருந்த ஒருத்தியை நான் கிட்டத்தட்ட கொன்றுவிட்டேன் என்பதைக் கேசரி சாப்பிடும் இடத்தில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் தையல் கிளாஸ் விஷயம். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துக்காக இந்தக் கரையில் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் வீடுகளுக்கு நாம் போகவேண்டும், ஆனால் நாம் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் எனக்கு முன்னால் இருந்த ஒரு புண்ணியவதி, தன்னைத் தையல் டீச்சர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தாள். நானும் தொடர்ந்தேன். ஊசியில் நூல் கோர்க்க இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் பிரம்மதேசம் முதல் கடற்கரை வரைக்கும் பதினெட்டு வீடுகளில் எனக்குத் தையல் டீச்சர் என்று பெயர். ஒரு வீட்டில் பிளவுஸ் துணியையே கொடுத்துவிட்டார்கள். திண்டிவனத்தில் கூலி கொடுத்துத் தைத்து, நானே தைத்ததாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை தூக்க முடியவில்லை என்றார்கள். அடுத்த தடவை சரியாகத் தைக்கிறேன் என்றேன்.

ஷாலினிக்கு அப்போது இருபத்திநாலு வயது. ஷாலினி என்பது ஃபோனுக்காக அவளே வைத்துக்கொண்ட பெயர். வீட்டுப் பெயர் வேறு, அது உங்களுக்கு வேண்டாம். இருபது வயதில் அம்மாவோடு உப்பளத்தில் கூலிக்குப் போனவள், பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்காதீர்கள். வெளியூரிலிருந்து வருகிற விருந்தினர் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், கேட்கும்போது முகத்தைச் சோகமாக வேறு வைத்துக்கொள்வார்கள்.

இப்போது இந்தத் தொழில் ஃபோனில் நடக்கிறது. முதலில் ஃபோட்டோ போகவேண்டும். ஃபோட்டோவுக்கு ஃபில்டர் போட்டால் உப்பளத்து வெயில் வாங்கிய முகம் பால்கோவா நிறத்துக்கு வந்துவிடும். பிறகு நேரில் பார்க்கிறவன், 'ஃபோட்டோவுல இருந்தவ எங்க?' என்று கேட்பான். இதை ஒருவன் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். மாதக்கணக்கில் ஆள் மாற்றி ஆள் கேட்டால், ஃபோட்டோவில் இருப்பவள்தான் நிஜம், நாம்தான் ஏதோ தப்பாக வந்து நிற்கிறோம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். இந்த வாக்கியம் என்னுடையது இல்லை. ஷாலினி சொன்னது. சொன்னபோது நான் படிவத்தில் அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவளுக்கு டைபாய்டு வந்து ஆள் பாதியாகிப் போனாள். இந்தத் தொழிலில் ஒல்லியானால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு பேர் 'ஒனக்கு அந்த நோயா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அரசு நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். நோய் இல்லை என்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"மேடம், இத லேமினேஷன் பண்ணி கழுத்துல மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள பெண் என்று குறித்துக்கொண்டேன். நம் படிவத்தில் 'மனநிலை' என்று ஒரு வரி இருக்கிறது இல்லையா, அதில் 'நன்று, சுமார், கவனம் தேவை' என்று மூன்று கட்டம். நான் நன்று என்று டிக் அடித்தேன். உண்மையைச் சொன்னால், என் சர்வீசில் நான் நன்று தவிர வேறெதையும் அடித்ததே இல்லை. கவனம் தேவை என்று அடித்தால் இன்னொரு படிவம் எழுதவேண்டும், அது நாலு பக்கம்.

ஐந்தாறு மாதத்தில் ஷாலினிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஆபீசில் எடை மெஷினில் ஏற்றினேன், முள் நன்றாக ஏறியிருந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் எடை குறைந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதைப் பார்த்தவள். அதனால் எனக்கு எடை ஏறினால் வெற்றி, இறங்கினால் தோல்வி. அதற்கு மேல் எனக்கு மருத்துவம் தெரியாது. 'கன்னமெல்லாம் வெச்சு எவ்ளோ அழகா இருக்கே' என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மற்ற பெண்களிடம் 'இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க' என்றேன். ஆண்டறிக்கைக்கு அவள் கதையை வெற்றிக் கதையாக எழுதினேன். முகம் தெரியக்கூடாது என்பதால் முதுகைப் படம் எடுத்துப் போட்டோம். நம் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், வெற்றி பெற்ற அத்தனை பேருக்கும் முதுகுதான் இருக்கும்.

எங்களுக்கு ஒரு பியர் இருந்தாள். பியர் என்றால், அதே தொழிலில் இருந்துகொண்டே மற்ற பெண்களைச் சந்தித்து நம்மிடம் கூட்டிவருகிறவள். வயது நாற்பதுக்கு மேல், படிப்பு எட்டாவது, வாயில் எப்போதும் வெற்றிலை. பெயர் போடக்கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறாள். நான் எம்.ஏ. சமூகப்பணி. இந்தக் கதையில் யாருக்கு அறிவு இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கன்னத்தைப் புகழ்ந்து ஐந்தாறு மாதம் கழித்து, அவள் ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"மேடம், ஷாலினிக்கு வந்துருக்குறது சோத்துல வந்த சதை இல்ல."

"பின்ன?"

"மூஞ்சி மட்டும் பூசணிக்கா மாதிரி ஊதியிருக்கு, கை காலு குச்சியாவே இருக்குது. நீங்க பாக்கலியா? மருந்துக்கட ஒண்ணுல சதை போடுற மாத்திரன்னு குடுக்குறான். நம்ம பொண்ணுங்க நாலு பேரு வாங்கித் தின்னுதுங்க. இவ ஒரு வருஷமா தின்றா. நீங்க வேற அழகா இருக்கேன்னுட்டீங்க. அன்னிலேர்ந்து ரெண்டா போடுறா."

மெஷின் முள்ளைப் பார்த்தவளுக்குக் கை காலைப் பார்க்க நேரமில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் என் மாதிரி ஆட்களுக்கு அடுத்து வருவது கோபம். நேராக ஷாலினி வீட்டுக்குப் போனேன். அம்மா உப்பளத்துக்குப் போயிருந்தாள். மாத்திரையைக் கேட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பேரைப் படித்தேன், ஸ்டீராய்டு. கெட்டது என்று மட்டும் தெரியும். அட்டை அட்டையாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே இது ஒண்ணு கூட ஒன் வாயில போவக்கூடாது" என்று பத்து நிமிடம் லெக்சர் அடித்தேன். உன் உடம்பு கோயில் என்றெல்லாம் சொன்னேன். வழியில் கழுவெளி ஏரி ஓரம் ஸ்கூட்டியை நிறுத்தி அத்தனை மாத்திரையையும் தண்ணீரில் வீசினேன். சினிமாவில் அடியாட்களை அடித்துவிட்டு நடப்பார்களே, அப்படி ஒரு நடை நடந்து வந்து வண்டியை எடுத்தேன்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டே 'சரிதானே செய்திருக்கிறார்' என்று நினைத்தால், அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள்.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு பியர் ஃபோன் செய்தாள். "மேடம், ஷாலினி வாந்தி எடுத்து வாந்தி எடுத்து மயங்கிக் கெடக்குறா. கண்ணு தொறக்க மாட்டேங்குறா. அவங்கம்மா ஆட்டோவுல ஏத்திட்டாங்க, நானும் கூட வர்றேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

போனபோது அவளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். முகம் ஊதின மாதிரியே இருந்தது, நிறம் மட்டும் போயிருந்தது. பிரஷர் எடுத்த நர்ஸ் இரண்டாவது தடவையும் எடுத்தாள். அம்மா உப்பளத்திலிருந்து வந்த கோலத்திலேயே நின்றாள், கணுக்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவள்.

"பிரஷர் ரொம்ப கம்மியா இருக்கு. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க, நல்லாத்தான் இருந்தா" என்றாள் அம்மா. பிறகு என்னைக் காட்டி, "இவங்க தையல் டீச்சருங்க, இவங்க கிட்டதான் பழகுறா" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலியே டாக்டர்" என்றேன்.

இத்தனை வருடமாக மற்றவர்கள் ரகசியத்தைக் காப்பாற்றியவள் இல்லையா. ரகசியம் காத்தல் பற்றி விழுப்புரத்தில் இரண்டு தடவை வகுப்பே எடுத்திருக்கிறேன். என் மூளையில் மாத்திரை, தொழில், திட்டம், ஆபீஸ் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. ஒன்றை அவிழ்த்தால் எல்லாம் அம்மா காலடியில் கொட்டிவிடும் என்று நினைத்தேன். ஒரு தையல் டீச்சருக்கு மாத்திரை பற்றி எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது? இதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் ஒரு பிள்ளை போய்க்கொண்டிருந்தது, நான் பொய்க்குப் பொருத்தமாக நடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரைத் தனியாக வெளியே கூப்பிட்டிருக்கலாம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். இவையெல்லாம் எனக்கு அன்று சாயங்காலம் பேருந்தில் தோன்றின.

பியர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று புரிந்ததும் முன்னால் வந்தாள்.

"டாக்டரம்மா, சதை போடுறதுக்கு ஒரு மாத்திர தின்னா. ஒரு வருஷமா. தையல் கிளாசுக்கு வர்ற பொண்ணுங்க நாலஞ்சு பேரு தின்னுதுங்க. நாலு நாளைக்கு முன்னாடி டீச்சர் பாத்துட்டு புடுங்கித் தூக்கிப் போட்டாங்க. அதுலேர்ந்து தின்னல." மாத்திரையின் அட்டை ஒன்று அவள் சுருக்குப்பையில் இருந்தது. வேறு ஒரு பெண்ணிடம் வாங்கி வைத்திருந்தாளாம். எடுத்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான். தொழில் வெளியே வரவில்லை, திட்டம் வெளியே வரவில்லை, தையல் கிளாஸ்கூடக் கெடவில்லை. மூட்டை என்று நான் நினைத்ததில் அவள் வேண்டிய ஒன்றை மட்டும் உருவி எடுத்தாள்.

டாக்டர் நர்சிடம் ஊசியின் பேரைச் சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"தையல் டீச்சரா?"

"ஆமா."

"இது மாசக்கணக்கா எடுத்தா உடம்பு தன்னோடத சுரக்குறத விட்டுடும். படிப்படியாத்தான் குறைக்கணும். பட்டுனு நிறுத்தினா இப்படித்தான் ஆகும், உயிரே போயிருக்கும். இனிமே தையல மட்டும் பாருங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நேரமில்லை.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சொல்லினே இருந்தேன்" என்றாள் பொதுவாக. "எலும்பும் தோலுமா இருக்கியே, எவன் கட்டுவான்னு. தெனமும் சொல்லினு இருந்தேன்." நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும்தான் சொன்னேன், மெஷின் வைத்துச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஷாலினி பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று நினைக்கிறீர்கள்? கழுவெளியில் நான் வீசினேனே, அதே வகை. மாதக்கணக்கில் தினமும் போடவேண்டும், மாதா மாதம் காட்டிக் குறைக்கவேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது. ஆக, இது உன் வாயில் போகக்கூடாது என்று லெக்சர் அடித்த அதே வீட்டுக்கு, இது உன் வாயில் போயே ஆகவேண்டும் என்று சொல்வதற்குத் தினமும் போக ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியதுதான்.

அவள் போட மறுத்தாள். அம்மா காலையில் எடுத்துக் கொடுத்துவிட்டு உப்பளத்துக்குப் போவாள், இவள் அதைத் தாவணி முனையில் முடிந்து வைத்துக்கொள்வாள். இரண்டு நாள் விட்டதில் மறுபடி தலைசுற்றல். நான் போய் உட்கார்ந்தால்தான் போடுவாள், அதுவும் அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு. ஊதிய முகத்தை அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலுதட்டில் முடி முளைத்திருந்தது, வயிற்றில் சிவப்புக் கோடுகள். ஃபோனின் முன்பக்கக் கேமரா மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, குளிக்க எழுந்திருப்பதில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். 'முகம் கொஞ்சம் வத்தியிருக்கே' என்பதுதான் முதலில் வந்தது, மென்று விழுங்கினேன். 'கொஞ்சம் தெளிவா இருக்கே' என்பது இரண்டாவதாக வந்தது, அதுவும் அதே ஜாதிதான். இத்தனை வருடத்தில் இந்தப் பெண்களைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை எல்லாமே உடம்பைப் பற்றித்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நீ இளைச்சிட்டே, நீ பெருத்துட்டே, நீ கறுத்துட்டே. வாடிக்கைக்காரனும் அதைத்தான் சொன்னான், அவனாவது கொஞ்ச நேரத்தில் போய்விடுவான்.

பிறகு, கேட்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டு வைத்திருந்ததைக் கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று ஒரு பயிற்சியில் சொல்லியும் கொடுத்தார்கள். அன்று நான் சாப்பாட்டு டோக்கன் வாங்கப் போயிருந்தேன்.

"ஷாலினி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு வருஷமா தோணுது மேடம்."

"ஒரு வருஷமா?"

"நோய் இல்லன்னு சீட்டு குடுத்தீங்களே, அன்னிக்கே தோணுச்சு. நீங்க சிரிச்சீங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. சாரி என்றேன். இந்த வேலையில் ஒரு பெண்ணிடம் நான் சாரி கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரையை ஏன் முடிந்து வைக்கிறாய் என்று கேட்டேன். "போடலன்னா தானா போயிடும்ல, நாமளா ஒண்ணும் பண்ண வேணாம்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அரிசி தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி.

அதன் பிறகு செய்யவேண்டியது எல்லாம் உங்களுக்குத் தெரியும், சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாத்திரையை அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்ப்பது, பியர் பகலெல்லாம் கூட இருப்பது, மனநல டாக்டரிடம் அந்த வாரமே கூட்டிப்போவது, அந்த நாலு பக்கப் படிவம். ஆமாம், எழுதினேன். எழுத இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலை நேரத்தைப் பற்றி. அவள் எழுந்து உட்கார்ந்தாள். தாவணி முனையை அவிழ்த்தாள், உள்ளே அன்றைய மாத்திரை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தோணியிருக்கா மேடம்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. நம் சொந்தக் கதையைப் பேசக்கூடாது என்றுதான் இருக்கிறது. நான் பொய் சொல்வதில் தேறினவள், இல்லை என்று சொல்லியிருக்கலாம். தோன்றியிருக்கிறது என்றேன். எப்போது என்று கேட்டாள். சொன்னேன். என் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அது, உங்களுக்கும் வேண்டாம். அவள் நடுவில் பேசாமல், ஆறுதல் சொல்லாமல், கடைசி வரைக்கும் கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

முடித்ததும், "தண்ணி எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மாத்திரையைப் போட்டு விழுங்கிவிட்டு, மீதித் தண்ணீரை என்னிடம் நீட்டினாள்.